வீட்டைக் காக்க 45 நாள்!

தூத்துக்குடி, முத்துக்குப் பேர் போன ஊர். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. உப்பளமும் படகும் துறைமுகமும் இன்றும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

தொழிலுக்கு முதல் வேண்டும். வீட்டுப் பத்திரத்தைப் பாங்கியில் ஈடு வைத்துப் பலர் கடன் வாங்குகிறார்கள். மழை கொட்டினால் உப்பு கரைகிறது. புயல் அடித்தால் படகு கரையில் நிற்கிறது. தவணையும் நின்று போகிறது. 90 நாள் தாண்டினால் பாங்கி அதை வராக்கடன் கணக்கில் சேர்க்கும். அடுத்து நோட்டீசு வரும்.

முன்பு பாங்கி வழக்குப் போட்டுத்தான் ஈட்டுச் சொத்தை எடுக்க முடியும். 2002-இல் வந்த 'சர்பாசி' சட்டம் அதை மாற்றியது. வழக்கு இல்லாமலே எடுக்கலாம் என்றது.

முக்கால் பங்கு கட்டு!

பாங்கி செய்தது தவறு என்று முறையிடவும் அச்சட்டம் இடம் கொடுத்தது. ஆனால், பாங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்! 10 லட்சம் பாக்கி என்றால் ஏழரை லட்சம். அவ்வளவு பணம் கையில் இருந்தால் தவணை ஏன் நிற்கிறது?

குஜராத்தைச் சேர்ந்த மார்டியா கெமிக்கல்ஸ் கம்பெனியும் மற்றவர்களும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2004 ஏப்ரல் 8-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும், 75 சதவீத நிபந்தனை மட்டும் செல்லாது என்று கோர்ட்டு கூறியது. நாடு முழுவதும் கடன் வாங்கியவர்களுக்குக் கதவு திறந்தது.

என்ன செய்யலாம்?

முதல் நோட்டீசு வந்ததும் பாக்கியைக் கட்ட 60 நாள் உண்டு. கணக்கில் தவறு இருந்தால் அதற்குள் பாங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபத்தை ஏற்காவிட்டால், பாங்கி 15 நாளில் காரணத்துடன் பதில் தர வேண்டும்.

அதன் பிறகும் சொத்தைக் கைப்பற்றினால், அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது மதுரையில் இருக்கிறது. பாங்கி முறை தவறியது என்று தெரிந்தால், சொத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் பாயாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும் பாயாது.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

கொடுத்த பணத்தைக் கேட்பது பாங்கியின் உரிமை. முறையாகக் கேட்கிறதா என்று பார்ப்பது கடன் வாங்கியவரின் உரிமை. நோட்டீசைப் பயந்து பெட்டியில் பூட்டி வைத்தால், அந்த உரிமையும் நாளோடு போய்விடும்.