களரியைச் சுற்றி இன்னொரு கூத்து

நேயர்களே, நாடகத்துக்குச் சென்று நடிகரை மட்டும் பார்த்துத் திரும்புவோர் பாதி நாடகத்தையே பார்த்தவராவர். மறுபாதி சபையிலே நடக்கிறது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நாட்டுக்கூத்து ஆடப்படும் இரவுகளில் இவ்வுண்மை இனிது விளங்கும்.

கூத்துக்கு உரிய அரங்கு வட்டக்களரி. மக்கள் சுற்றிவர அமர்ந்திருக்க, அண்ணாவியாரின் மத்தளத்துக்கு இயையக் கூத்தர் நடுவே ஆடுவர். விடியும்வரை ஆட்டம் நீளுமாதலால் பாயும் தலையணையும் வெற்றிலையும் உடன் வந்துவிடும். அரசன் கொலுவுக்கு வருகையில் உறங்கிய முதியவர், போர்க்கட்டத்தில் திடுக்கிட்டு விழித்து, "ஆர் செத்தது?" என்பார். விடை வருமுன் மீண்டும் உறங்கிவிடுவார்.

வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பும் கிரீடமும் தாங்கிய அரசன் சுழன்றாடும்போது, "மகனே, மெல்லக் கிறுகு, தலை சுத்தும்!" என ஒரு தாயின் குரல் எழும். பெண்பாத்திரங்களையும் ஆடவரே ஏற்பது பழைய மரபு. துரோபதையின் துயர் கண்டு சபை கண்ணீர் விடும். அவ்வேளையில் அவளைப் பார்த்து, "அப்பா!" என ஒரு குழந்தை கூவினால், அழுத கண்கள் அப்படியே சிரிக்கும்.

நம்மவர்க்குச் சபைப்பழக்கம் தெரியாதென்று முகஞ்சுளிப்போர் உளர். ஆனால், காரணம் அறியாமையன்று. பாரதக் கதை யாவரும் அறிந்தது. அடுத்து என்ன நிகழும் என்பதன்று, நம் ஊரவன் அதை எப்படி ஆடுவான் என்பதே அங்குள்ள ஆவல். ஆடுபவன் உறவினன். வட்டக்களரியிலோ பார்ப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர். ஆகவே சிரிப்பும் அழுகையும் நெருப்பைப்போல் பரவுகின்றன.

இஃது நமக்கு மட்டும் உரியதன்று. காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள் 1926இல் 'மதங்க சூளாமணி'யில் ஆராய்ந்தாரே, அந்தச் செகசிற்பியாரின் நாடகங்களையும், இலண்டன் குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்து நின்று பார்த்த மக்கள் கொறித்தும் கூவியுமே சுவைத்தனர்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றால் கூத்தைச் சுருக்கிப் புதிய மேடைக்குக் கொணர்ந்தார். கற்றோரிடையே கூத்துக்கு மதிப்பு உயர்ந்தது. அப்பணி பெரிது. எனினும், ஒருபக்க மேடையின் எதிரே, இருளில் அமர்ந்த சபை வாய்மூடிக்கொண்டது. மகனை எச்சரித்த தாய்க்கு அங்கே இடமில்லை.

பாடசாலை மண்டபத்தில் அமைதி காக்கும்படி மாணவர்க்குக் கூறுவது அதிபரான என் கடமை. அவ்விதியைக் களரிக்கும் கொண்டுசெல்லலாகாது என்பதே என் கருத்து. தன் குரல் கேட்குமிடத்தைத்தான் ஊர் தன்னுடையதென்று கருதும். அக்குரல் அடங்கினால் கூத்து நல்லதொரு காட்சியாக நிலைக்கலாம். ஊரின் உடைமையாக நிலைக்குமா என்பது ஐயமே.

ஆதலால், நேயர்களே, களரியில் உங்கள் அருகே உறங்கும் முதியவர் விழித்து, "ஆர் செத்தது?" என்று கேட்டால், சினங்கொள்ளாது விடை கூறுங்கள். அவர் மீண்டும் உறங்கினாலும் குற்றமில்லை.