மீட்பது ஒரு நாள்... வீடு சேர்ப்பது பல மாதம்! கைவிடப்பட்ட நாய்களுக்குக் குடும்பம் தேடும் தன்னார்வலர்கள்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை பேரூராட்சி. இதுபோன்ற சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரத்திலோ தோப்பு ஓரத்திலோ ஒரு சாக்குப்பை கிடக்கும். உள்ளே கண் திறந்து சில நாட்களே ஆன நாய்க்குட்டிகள் முனகிக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகளாகத்தான் இருக்கும். ஆண் குட்டி என்றால் யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டை என்றால், 'நாளைக்கு இது குட்டி போட்டால் யார் பார்ப்பது?' என்ற பயம்.

நகரங்களில் கைவிடும் விதம் வேறு. ஆசையாகக் காசு கொடுத்து வாங்கிய லாப்ரடாரும் பக்கும் பாமரேனியனும் கழுத்துப்பட்டை கழற்றப்பட்டு நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்படுகின்றன. வாடகை வீடு மாற்றம், வெளிநாட்டு வேலை, வீட்டில் புதிதாகக் குழந்தை, நாய்க்கு வந்த தோல் நோய் என்று காரணங்கள் பல. தெருவில் பிறந்த நாய்க்காவது எந்த டீக்கடையில் பிஸ்கட் கிடைக்கும், எந்த வண்டிக்கு ஒதுங்க வேண்டும் என்று தெரியும். வீட்டு நாய்க்கு அதுவும் தெரியாது. விட்டுவிட்டுப் போன இடத்திலேயே நாள்கணக்கில் காத்திருக்கும்.

இப்படிக் கைவிடப்பட்ட நாய்களை மீட்டு, சிகிச்சை கொடுத்து, புதிய வீடு தேடித் தருவதற்கென்றே தமிழ்நாட்டின் பல ஊர்களில் தன்னார்வலர்கள் இயங்குகிறார்கள். மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், இல்லத்தரசிகள், பணி ஓய்வு பெற்றவர்கள் என எல்லோரும் இதில் உண்டு. நாயைத் தூக்கி வருவதோடு இவர்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகுதான் பெரிய வேலையே இருக்கிறது.

வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகள்

இந்தியாவில் விலங்குகள் மீட்பு என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று சென்னையின் ப்ளூ கிராஸ். அதன் தொடக்கமே இரண்டு நாய்க்குட்டிகள்தாம். 1959-ல் விமானி கேப்டன் வி.சுந்தரம், மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. பெண்கள் விமானம் ஓட்டுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. இந்தக் குடும்பம் தொடங்கிய அமைப்புதான் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா.

அப்போது சென்னை மாநகராட்சி, தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 1860-ல் தொடங்கிய வழக்கம் அது. அதே 1860-ல் லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி, தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்காக ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். இன்று உலகப் புகழ்பெற்ற பேட்டர்சீ காப்பகம் அதுதான்.

சென்னையில் ஆண்டுக்கு ஆண்டு கொன்றும் நாய்களின் எண்ணிக்கை குறையவில்லை. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. 'கொல்வதால் குறையாது, கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி' என்று 1964-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார் சுந்தரம் தம்பதியின் மகன் டாக்டர் எஸ்.சின்னி கிருஷ்ணா. 1996-ல் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-ல் மத்திய அரசு நாய்களுக்கான கருத்தடை விதிகளைக் கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2023-ம் ஆண்டு விதிகள். தெருநாயைப் பிடித்து, கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் இவற்றின் அடிப்படை. காதில் சிறிய வெட்டு இருந்தால், அந்த நாய்க்குக் கருத்தடை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

தெருவிலேயே பிறந்து, தெருவிலேயே பிழைக்கத் தெரிந்த நாய்க்கு இந்த ஏற்பாடு பொருந்தும். சாக்குப்பையில் கிடந்த குட்டிக்கும், நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்பட்ட வீட்டு நாய்க்கும் இது போதாது. அவற்றுக்குத் தேவை ஒரு வீடு.

மீட்ட பிறகு என்ன நடக்கிறது?

மீட்கப்பட்ட நாய் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவரிடம். உண்ணி, சொறி, குடற்புழு, காயம் என எல்லாம் பார்க்கப்படும். குட்டிகளுக்குப் பெரிய எமன் பார்வோ வைரஸ். வாந்தியும் ரத்தப்போக்கும் தொடங்கினால் ஓரிரு நாட்களிலேயே உயிர் போய்விடலாம். அதனால்தான் புதிதாக வந்த நாயை மற்ற நாய்களோடு உடனே சேர்க்காமல் தனியே வைக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியும், மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசியும் போடப்படுகின்றன. ரேபிஸ் ஊசியை ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

அடுத்த கட்டம், 'ஃபாஸ்டர்' எனப்படும் தற்காலிக வீடு. காப்பகங்களில் இடம் எப்போதும் பற்றாக்குறை. நூறு நாய்களின் குரைப்புக்கு நடுவே ஒரு குட்டிக்கு மனிதர்களோடு வாழும் பழக்கமும் வராது. அதனால் யாராவது ஒரு குடும்பம் சில வாரங்களுக்கு அதைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறது. மருத்துவச் செலவை அமைப்போ குழுவோ ஏற்கும். இந்தக் குடும்பம் தருவது இடமும் நேரமும்.

இந்த வாரங்களில்தான் அந்த நாயின் குணம் தெரியவரும். குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, பூனையைக் கண்டால் துரத்துமா, பட்டாசுச் சத்தத்துக்கு எவ்வளவு மிரளும் என்பதெல்லாம் வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். தத்துக் கொடுக்கும்போது, 'அழகான குட்டி' என்று மட்டும் சொல்லாமல், 'தனியாக விட்டால் அழும்', 'ஆண்களைக் கண்டால் முதலில் பயப்படும்' என்று உண்மையைச் சொல்ல முடிவது இதனால்தான்.

ஏன் இத்தனை கேள்விகள்?

தத்தெடுக்கப் போகிறவர்கள் பலருக்கு வருத்தம் தரும் இடம் ஒன்று உண்டு. 'நல்ல மனசோட நாய் கேட்டுப் போனால் போலீஸ் மாதிரி விசாரிக்கிறார்களே!' என்பது பொதுவான ஆதங்கம். வாடகை வீடா, உரிமையாளர் சம்மதித்தாரா, வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள், நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவீர்களா, உரிய வயதில் கருத்தடை செய்வீர்களா என்று கேள்விகள் நீளும். சில குழுக்கள் வீட்டுக்கே வந்து பார்க்கின்றன. மொட்டை மாடியில்தான் நாய் இருக்கும் என்றால், 'முடியாது' என்று சொல்லிவிடுகின்றன.

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் இப்படிக் கைவிடப்பட்ட நாய்கள் இருக்கின்றன. உரிமையாளர் சம்மதம் கேட்காததால் மூன்றாம் மாதம் திருப்பி அனுப்பப்பட்ட நாய்கள் உண்டு. மகன் ஆசைப்பட்டான் என்று வாங்கி, அவன் கல்லூரி விடுதிக்குப் போனதும் பாரமாகிப் போன நாய்களும் உண்டு. வயல் காவலுக்கு என்று கேட்டு வாங்கப்பட்டு, மழையிலும் வெயிலிலும் கட்டியே கிடந்த நாய்களும் உண்டு. ஒருமுறை கைவிடப்பட்ட நாயை இரண்டாவது முறையும் கைவிட்டால், அது மனிதர்களை நம்புவது இன்னும் கடினம். அவசரத்தில் ஒரு வீட்டுக்கு 'சரி' என்று சொல்வதைவிட, நல்ல வீடு கிடைக்கும்வரை காத்திருப்பது மேல் என்று குழுக்கள் நினைப்பது அதனால்தான்.

நாட்டு நாய்களுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் நீளம். வெளிநாட்டு ரகம் என்றால் கேட்டு வர ஆள் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கும் உணவுக்கும் பழகிய நாட்டுக் குட்டியை, 'தெருநாய்தானே' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அடர்ந்த ரோமம் கொண்ட ஹஸ்கி கடலூர் மாவட்ட வெயிலில் படும் பாட்டை நினைத்துப் பார்த்தால், எது நம் வீட்டுக்கு ஏற்றது என்பது புரியும்.

புது வீட்டில் முதல் 90 நாட்கள்

மீட்புக் குழுக்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். முதல் மூன்று நாட்கள் நாய் பயந்து மூலையில் ஒடுங்கும், சரியாகச் சாப்பிடாது. மூன்று வாரங்களில் வீட்டின் நேரங்கள் பழகும். இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதங்கள் ஆகும். 'வந்த அன்றே குளிப்பாட்டி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது' பல வீடுகளில் நடக்கிறது. அது வேண்டாம். ஒரு மூலை, ஒரு பழைய போர்வை, தண்ணீர், கொஞ்சம் அமைதி இருந்தால் போதும். குழந்தைகளிடம், 'அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடாதே' என்று சொல்லிவைப்பது முக்கியம்.

வீட்டுச் சாப்பாட்டில் வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம். சமைத்த கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடலாம்.

பயப்படுபவர்களும் தவறு சொல்லவில்லை

நாய்க்கு ஆதரவாகப் பேசினால் உடனே எழும் கேள்வி, 'கடிபட்ட குழந்தைக்கு யார் பதில் சொல்வது?' என்பது. நியாயமான கேள்விதான். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் உயிர் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போடும் காலம் எப்போதோ போய்விட்டது. மருத்துவர் சொல்லும் தேதிகளில் எல்லாத் தவணைகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். நாய்களோடு வேலை செய்யும் தன்னார்வலர்கள் முன்கூட்டியே இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது.

தெருநாய்ப் பிரச்னை 2025-ல் உச்ச நீதிமன்றம்வரை போனது. டெல்லி பகுதியின் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 11-ல் வந்த உத்தரவு, ஆகஸ்ட் 22-ல் மாற்றப்பட்டது. வெறிநோய் அல்லது மூர்க்க குணம் உள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு அதே இடத்தில் விடலாம் என்றது நீதிமன்றம். விலங்கு ஆர்வலர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், ஆனால் அந்த நாய்கள் மறுபடி தெருவுக்கு வரக் கூடாது என்றும் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கேயே திருப்பி விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

நாயைக் கண்டு பயப்படுபவரும், நாய்க்குச் சோறு வைப்பவரும் எதிரெதிர் அணி போலத் தெரியலாம். தெருவில் நாய்கள் குறைய வேண்டும், இருப்பவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதுதான் இருவருக்கும் வேண்டியது. வீடு கிடைத்த ஒவ்வொரு குட்டியும் தெருவில் குறையும் ஒரு நாய்தான்.

கைவிட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா?

வளர்ப்பு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் அவதிப்படும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆம், ஒரு பிஸ்கட் பாக்கெட், இரண்டு டீ விலை! மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 60 ஆண்டுகளைத் தாண்டியும் தொகை மாறவில்லை. விலங்கைக் கொல்வது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு மட்டும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. கைவிடுவதைத் தடுக்கும் அளவுக்குச் சட்டத்தில் பயம் இல்லாததால், பாரம் முழுக்கத் தன்னார்வலர்கள் தலையில் விழுகிறது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

காப்பகம் கட்ட வேண்டாம். பெரிய தொகை திரட்டவும் வேண்டாம். மங்கலம்பேட்டை போன்ற பேரூராட்சியில் நான்கைந்து பேர் சேர்ந்தாலே சிலவற்றைச் செய்ய முடியும்.

உங்கள் வீட்டு நாய்க்கு முதலில் கருத்தடை செய்யுங்கள். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள்தான். ஆண்டுக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும். பெட்டைக் குட்டி வேண்டாம் என்ற பயத்துக்கு மருந்து இதுதான். இதைச் செய்துவிட்டால் சாக்குப்பைக்கே வேலையில்லை.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். தெருநாய்களுக்குக் கருத்தடை முகாம் நடத்தும்படி பேரூராட்சியில் மனு கொடுங்கள். அது உள்ளாட்சியின் கடமை என்றே 2023 விதிகள் சொல்கின்றன.

குட்டிகளைக் கண்டால் உடனே தூக்கிவராதீர்கள். தாய் உணவு தேடிப் போயிருக்கலாம். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். எட்டு வாரம் ஆகும்வரை தாயோடு இருப்பதுதான் குட்டிகளுக்கு நல்லது. தாய் வரவே இல்லை என்றால் மட்டும் கையில் எடுங்கள்.

வீடு தேடும்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுங்கள். கூடவே அதன் வயது, பாலினம், போட்ட ஊசிகள், குணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். 'யாராவது எடுத்துக்கொண்டால் போதும்' என்று கொடுத்துவிடாதீர்கள். கேள்வி கேளுங்கள். கொடுத்த பிறகு ஒரு வாரத்தில் ஒரு போன், ஒரு மாதத்தில் ஒரு போன், ஆறு மாதத்தில் 'கருத்தடை ஆச்சா?' என்று இன்னொரு போன் செய்யுங்கள். அந்த மூன்றாவது போனுக்கு 'ஆச்சு' என்று பதில் வந்தால், அந்த நாயின் கணக்கை நிம்மதியாக முடித்துவிட்டு அடுத்த குட்டியைப் பார்க்கப் போகலாம்.