ஆனேக்கல் ஓட்டும் ஐரோப்பிய ஓட்டும்: இதெல்லாம் தெரியுமா?

நம் ஊரை ஆள்வது யார்? பஞ்சாயத்தா, பெங்களூரா, டெல்லியா? ஓசூர் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆனேக்கல்லில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் ஐரோப்பா வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது! ஒவ்வொன்றாகப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

நகர மாவட்டம், கிராமத் தொகுதி: தெரியுமா?

ஆனேக்கல் தாலுகா இருப்பது பெங்களூரு நகர மாவட்டத்தில். ஆனால் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுவது பெங்களூரு கிராமாந்தரத் தொகுதியில்! இன்னும் கேளுங்கள். குணிகல், ராஜராஜேஸ்வரி நகர், பெங்களூரு தெற்கு, ஆனேக்கல், மாகடி, ராமநகரம், கனகபுரா, சென்னப்பட்டணா என்று இந்தத் தொகுதிக்குள் 8 சட்டமன்றத் தொகுதிகள். இவற்றில் ஒன்றுகூட இன்றைய பெங்களூரு கிராமாந்தர மாவட்டத்தில் இல்லை! அந்த மாவட்டத்தின் தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரா, ஹொசகோட்டை, நெலமங்களா நான்கும் சிக்கபள்ளாபுரா எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கின்றன. தன் எம்.பி. யார் என்று தெரிந்துகொள்ளவே வரைபடம் வேண்டும் என்றால், ஓட்டுச்சாவடிக்குப் போகும் ஆர்வம் எப்படி வளரும்?

28 லட்சம் பேருக்கு ஒருவர், 6 லட்சம் பேருக்கு 6 பேர்!

2024-ல் பெங்களூரு கிராமாந்தரத்தில் வாக்காளர் மட்டும் ஏறத்தாழ 28 லட்சம். எம்.பி. ஒரே ஒருவர். மால்டா என்ற குட்டித் தீவு நாட்டின் மொத்த மக்கள்தொகையே 6 லட்சத்தைத் தாண்டாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடாளுமன்றத்தில் அந்த நாட்டுக்கு 6 உறுப்பினர்கள்! பல நாடுகள் சேர்ந்து ஆளும்போது, சிறிய நாட்டின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இங்கே, 1971 கணக்கெடுப்பின்படி உறைய வைத்த மக்களவை இடங்களை மறுபடி பங்கிட்டால் தங்கள் குரல் தேய்ந்துவிடும் என்று தென்மாநிலங்கள் கவலைப்படுகின்றன. 2025 மார்ச் 22-ல் சென்னையில் நடந்த பல மாநிலத் தலைவர்களின் கூட்டத்தில் கர்நாடகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமாரும் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான்.

ஊர் மாறும் நாடாளுமன்றம்: தெரியுமா?

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் குழுக்கள் கூடுவது பெல்ஜியத்தின் பிரசல்ஸில். ஆனால் ஆண்டுக்கு 12 முறை, உறுப்பினர், உதவியாளர், பெட்டி பெட்டியாகக் கோப்புகள் என்று மொத்தப் பரிவாரமும் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்குக் கிளம்புகிறது! நாலு நாள் கூட்டம் முடிந்ததும் திரும்பப் பயணம். இதை நிறுத்தினால் ஆண்டுக்கு 11.4 கோடி யூரோ மிச்சமாகும் என்று ஐரோப்பியத் தணிக்கை மன்றமே 2014-ல் கணக்குச் சொன்னது. நம் பணத்தில் 1,000 கோடி ரூபாயைத் தொடும்! நிறுத்த வேண்டியதுதானே என்பீர்கள். முடியாது. ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். மாற்ற வேண்டுமானால் ஒன்றியத்தின் 27 நாடுகளும் தலையாட்ட வேண்டும், பிரான்ஸ் உட்பட!

ஓட்டுப் போடாதவர்கள், வெளியேற மட்டும் வந்தார்கள்!

1979-ல் நடந்த முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 62% பேர் ஓட்டுப் போட்டார்கள். அதன் பிறகு அந்த மன்றத்தின் அதிகாரம் ஏறிக்கொண்டே போனது, ஓட்டு 2014 வரை இறங்கிக்கொண்டே வந்தது. 2014-ல் 42.6%. அந்த ஆண்டு ஸ்லோவாக்கியாவில் வெறும் 13%! பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதே பிரிட்டனில், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வேண்டாமா என்று 2016 ஜூன் 23-ல் கேட்டபோது, 72.2% பேர் திரண்டு வந்தார்கள்! 51.9% பேர் வெளியேறச் சொன்னார்கள். மக்கள் ஓட்டுப் போடாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

தனி நாடு என்ற பேச்சு எழுந்த தொகுதி: தெரியுமா?

2024 பிப்ரவரி 1, மத்திய இடைக்கால பட்ஜெட் நாள். வரிப் பங்கில் இப்படியே அநீதி தொடர்ந்தால் தென்னிந்தியாவுக்குத் தனி நாடு கேட்கும் நிலை வரும் என்று ஒரு எம்.பி. சொன்னார். நாடே அதிர்ந்தது. சொன்னவர் டி.கே. சுரேஷ், அன்றைய பெங்களூரு கிராமாந்தர எம்.பி.! அதாவது அன்றைக்கு ஆனேக்கல்லின் எம்.பி.! தாம் இந்தியர் என்பதில் பெருமைப்படுபவர் என்று பிறகு விளக்கம் தந்தார். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் வரியில் கர்நாடகத்தின் பங்கு 14-வது நிதிக் குழுவில் 4.713%. 15-வது குழுவில் 3.647%. ஒரே வாரத்தில் முதல்வர் சித்தராமையா டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடினார். ஏழை மாநிலங்களைத் தூக்கிவிடுவதும் கூட்டாட்சியின் கடமைதான், அதை மறுக்கக் கூடாது. ஆனால் எந்தக் கணக்கில் தன் வரி எங்கே போகிறது என்று ஓட்டுப் போடுபவருக்கு யாராவது புரியும்படி சொல்லியிருக்கிறார்களா?

மையும் இங்கே, இயந்திரமும் இங்கே, ஓட்டு எங்கே?

இந்தியர் அத்தனை பேரின் விரலிலும் வைக்கும் மை எங்கே தயாராகிறது தெரியுமா? மைசூரில்! 1937-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய ஆலை, 1962 முதல் தேர்தல் மை தருகிறது, வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. ஓட்டு இயந்திரம் செய்யும் இரண்டே பொதுத்துறை நிறுவனங்களில் ஒன்றான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) இருப்பது பெங்களூருவில்! அந்த பெங்களூருவில் 2024 மக்களவைத் தேர்தல் அன்று மை விரலைக் காட்டினால் தோசை இலவசம் என்றுகூட உணவகங்கள் அறிவித்தன. அப்படியும் நகரத்தின் மூன்று தொகுதிகளில் 53 முதல் 54% வரைதான் பதிவானது. ஆனேக்கல் அடங்கிய கிராமாந்தரத்தில் 68%! அடிக்கடி வாடகை வீடு மாறுவதும் திருத்தப்படாத பட்டியலும் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணமா? 2020 டிசம்பர் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலில் இதே கர்நாடகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பதிவானதே! கேட்டால் பதில் சொல்லும் தூரத்தில் ஆள் இருந்தால், சனம் வரிசையில் நிற்கிறது.

500 கோடி ரூபாய் ஏரி: தெரியுமா?

ஆனேக்கல் தாலுகா சந்தாபுரா ஏரியில் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்ததைத் தடுக்கத் தவறியதற்காக, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு விதித்த இழப்பீடு 500 கோடி ரூபாய்! தூரத்து அதிகாரம் சில நேரம் நம்மைக் காப்பாற்றவும் வரும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் கரையில் குடியிருப்பவர்களிடம் அதிகாரமும் நிதியும் இருந்திருந்தால், ஏரி அந்த நிலைக்குப் போயிருக்குமா?

நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம், இன்று?

உள்ளாட்சிக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு தந்த 73-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24-ல். அதற்கு 6 ஆண்டுகள் முன்பே, 1987-ல், பெண்களுக்கு 25% இடஒதுக்கீட்டோடு மாவட்டப் பரிஷத் தேர்தல் நடத்திக் காட்டியது கர்நாடகம்! பின்னால் நின்றவர்கள் முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டேயும் அமைச்சர் அப்துல் நசீர் சாபும். மாவட்டப் பரிஷத் தலைவருக்கு இணை அமைச்சர் அந்தஸ்து கொடுத்தார்கள்!

அந்த மாநிலத்தில்தான் மாவட்ட, தாலுகா பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2021-ல் முடிந்து, ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் அதிகாரிகள் கையில் நிர்வாகம் போனது. பெங்களூரு மாநகராட்சி உறுப்பினர்களின் காலம் முடிந்தது 2020 செப்டம்பரில். 2025-ல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, மேலே முதல்வர் தலைமையில் பெரு பெங்களூரு ஆணையம் வந்துவிட்டது. கவுன்சிலர் வருவதற்கு முன்னால் மேல்மாடி தயார்!

ஐரோப்பா செய்த தவறு நம் கண்முன் இருக்கிறது. மக்களிடம் கேட்காமல் மேலே மேலே அதிகாரத்தை ஏற்றினால், செலவு கூடும், ஓட்டு குறையும், ஒருநாள் கோபம் மொத்தமாக வெடிக்கும். ஆட்சியை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் மருந்து. ஆகவே வாசகர்களே, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லை என்றால் படிவம் 6 கொடுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போய், தாலுகா பஞ்சாயத்துத் தேர்தல் எப்போது என்று எழுந்து நின்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!