பத்து மணிக்கும் பத்தேகாலுக்கும் நடுவில்

ஹால் டிக்கெட் – தொடர் 8

பொதுத் தேர்வு மூன்று மணி நேரம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் அது மூன்றேகால் மணி நேரம். காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்துவிடும். 10.10 வரை படிக்கலாம், எழுதக் கூடாது. அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்புத் தாளுக்கு. பெயர், புகைப்படம், பதிவெண், பாடம் எல்லாம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் இதே கணக்குதான்.

பரீட்சை பயம் உச்சிக்கு ஏறுவது முந்தின நாள் இரவில் என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். அறைக் கண்காணிப்பாளராக நின்றவர்களைக் கேளுங்கள், அந்தப் பத்து நிமிடத்தைத்தான் சொல்வார்கள். வினாத்தாளை வாங்கியதும் சில பிள்ளைகள் நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். எதிர்பார்த்த ஐந்து மார்க் கேள்வி வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். இல்லையென்றால் முகம் வெளுத்துவிடும். வேறு சிலர் முதல் ஒரு மார்க் கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். விடை ‘ஆ’வா ‘இ’யா என்ற சந்தேகம் அவர்களைப் பத்து நிமிடமும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னும் சிலர் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு அரை நிமிடம் போதும்.

திருப்புதல் தேர்வு முடிந்து வெளியே வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “சார், படிச்சதுதான் எல்லாமே வந்திருக்கு. ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல சார்.” இந்த வாரம் முழுக்க அவளுக்கான பதில்தான்.

பிளஸ் டூ இயற்பியலை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். ஒரு மார்க் கேள்விகள் 15. அதற்கடுத்து இரண்டு மார்க்கில் 9 கேள்வி, எழுத வேண்டியது 6. மூன்று மார்க்கிலும் அப்படியே 9-க்கு 6. கடைசியில் ஐந்து மார்க் கேள்விகள் 5. ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. இதில் பிள்ளைகள் தவறவிடும் வரி ஒன்று இருக்கிறது. இரண்டு மார்க் பகுதியில் 24-ஆம் கேள்வியும் மூன்று மார்க் பகுதியில் 33-ஆம் கேள்வியும் கட்டாய வினாக்கள். அவை பெரும்பாலும் கணக்காக இருக்கும், புத்தகத்தில் உள்ளபடியே வராமல் கொஞ்சம் மாற்றியும் கேட்பார்கள். அதை விட்டுவிட்டு மற்றதில் எத்தனை எழுதினாலும் அந்த மதிப்பெண் வராது.

ஆகவே பத்து நிமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியவை 24-ம் 33-ம். வருமா வராதா என்று அப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு நகர்ந்தால் போதும். கை வேறு கேள்வியை எழுதிக்கொண்டிருக்கும்போது மனசு அதைப் பின்னால் கிளறிக்கொண்டிருக்கும். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது அது அத்தனை புதிதாகத் தெரியாது. அடுத்தது ஐந்து மார்க்கின் ‘அல்லது’கள். ஐந்து ஜோடியிலும் எதை எழுதுவது என்று அங்கேயே தீர்த்துவிட வேண்டும். பாதி டெரிவேஷன் எழுதி அடித்துவிட்டு மற்றதற்குத் தாவுவதுதான் நேரத்தை விழுங்குகிறது. பிறகு இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதிகளில் விட வேண்டியவை எவை என்று பார்ப்பது. ஒரு மார்க் கேள்விகளை அந்தப் பத்து நிமிடத்தில் தொடவே வேண்டாம். அவை எங்கேயும் ஓடிவிடாது.

நேரக் கணக்கையும் கையோடு வைத்துக்கொள்ளலாம். இயற்பியலில் 70 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம். கணிதம் 90 மதிப்பெண், அதே 180 நிமிடம். அங்கே மதிப்பெண்ணுக்கு இரண்டே நிமிடம். ஐந்து மார்க் சம்முக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கிடையாது. ‘மேத்ஸ்ல டைம் பத்தல’ என்ற பழைய புலம்பலுக்குக் காரணம் பிள்ளையின் மந்தம் மட்டுமல்ல என்று இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

ஃபெயிலாகிவிடுவோமோ என்று நடுங்குகிற பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வில் 70-க்கு 15 வாங்க வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. ஒரு மார்க் பகுதி மட்டுமே 15 மதிப்பெண் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டாத உயரம் இல்லை. ‘நீ எதுக்குமே லாயக்கில்ல’ என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த பையனிடம் தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டிவந்து பேசவைப்பதைவிட, கரும்பலகையில் இந்த மூன்று எண்களை எழுதிக்காட்டுவது நல்லது என்பது என் கட்சி.

எல்லாம் சரி, அந்த நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயம் போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஜெரமி ஜேமிசனும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. ஜி.ஆர்.இ. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், பரீட்சை நேரப் படபடப்பு மதிப்பெண்ணைக் கெடுக்காது, சொல்லப்போனால் உதவவே செய்யும் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். கணக்குப் பகுதியில் அவர்களே கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். சின்ன ஆய்வுதான், மந்திரம் இல்லை. ஆனாலும் ‘இதயம் வேகமாக அடிக்கிறது, உடம்பு தயாராகிறது’ என்று எடுத்துக்கொள்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி நாலைந்து தடவை விட்டால் கை நடுக்கமும் கொஞ்சம் அடங்கும்.

அந்தப் பெண் சொன்னதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. ‘படிச்சதுதான் வந்திருக்கு’ என்கிறாள். அப்புறம் ஏன் வரவில்லை? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிகி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை சொல்கிறது. ஒரு பகுதியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று தடவை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் முதல் கூட்டம்தான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதமும் நினைவில் இருந்தது. நமக்கு முக்கியமானது இதற்கு அடுத்தது: தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே.

மஞ்சள் ஹைலைட்டரால் புத்தகத்தையே சாயம் போட்டு வைத்திருக்கும் பிள்ளைகளின் நம்பிக்கை இந்த ரகம். புத்தகம் திறந்திருக்கும்வரை எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். புத்தகம் இல்லாமல் தன்னைத் தானே கேட்டுப் பார்ப்பது, பல பேருக்கு, மார்ச் மாதம் காலை பத்து மணிக்குத்தான் முதல் தடவையாக நடக்கிறது. பதறாமல் என்ன செய்யும்?

மருந்து வெள்ளைத்தாள். ஒரு பாடத்தைப் படித்து மூடிவிட்டு, நினைவில் இருப்பதைக் கிறுக்கலாகவாவது எழுதிப் பார்ப்பது. விட்டதைப் புத்தகத்தில் பார்ப்பது. மூன்று நாள் கழித்து மறுபடியும் எழுதுவது. முதல் தடவை பாதிகூட வராது. எரிச்சலாக இருக்கும். ‘அம்மா, நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்’ என்று அழுகை வரலாம். மறந்தது பிப்ரவரியிலேயே தெரிந்ததே என்று சந்தோஷப்படுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் தெருமுனை ஃப்ளெக்ஸ்களும் சித்தப்பா, பெரியப்பாக்களின் தொலைபேசி விசாரணைகளும் நிற்கவில்லை. தேர்வு நடக்கும் வாரங்களில் “எத்தனை வரும்?” என்ற கேள்வியை வீட்டு வாசலிலேயே மடக்குவது அப்பா, அம்மாவின் வேலை. ஒரு பாடம் போனால் அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது. அது ரகசியம் இல்லை, பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாப்பாடும் தூக்கமும் நாள் கணக்கில் கெட்டு, ‘இருந்து என்ன பண்ணப்போறேன்’ என்பது போன்ற பேச்சு வந்தால் அதைப் பரீட்சை டென்ஷன் என்று தள்ளிவிட வேண்டாம். டெலி மானஸ் எண் 14416. எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பிள்ளைகளுக்கு இந்த வார வேலை: சனிக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குப் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து உட்காருங்கள். பி.டி.ஏ. புத்தகத்தில் இருந்தாலும் சரி, அண்ணன், அக்காவிடம் வாங்கியதானாலும் சரி. பத்து நிமிடம் பேனா பக்கத்து அறையில் இருக்கட்டும். கட்டாய வினா, ‘அல்லது’, விட வேண்டியவை என்ற வரிசையில் படியுங்கள். நேரம் பார்ப்பதற்குச் செல்போன் வேண்டாம், சுவர்க் கடிகாரம் போதும். பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கலாம். முழுத் தேர்வும் எழுதப் பொழுதில்லை என்றால், இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

(அடுத்த வாரம்: ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடைப்பட்ட விடுமுறை நாட்கள்)