மக்குவதற்கென்றே ஒரு பெட்டி

போன்சாய் என்றதும் மெருகேற்றிய பீங்கான் தட்டே நினைவுக்கு வருகிறது. ஆனால், அது மரம் முதிர்ந்த பின் குடியேறும் வீடு. இளங்கன்றை அதில் நட்டால் வேர் நெருக்குண்டு, அடிமரம் பருப்பது தடைப்படும். இடைக்காலத்தில் அதற்கு அகன்ற மரப்பெட்டி தேவை.

என் ஆலங்கன்றுக்கு ஒன்றரை அடிச் சதுரமும் 5 அங்குல ஆழமும் கொண்ட பெட்டியைத் தேக்குத் துண்டுப் பலகைகளால் செய்தேன். ஆழம் குறைந்தால் வேர் பக்கவாட்டில் பரவும். நனைந்த மரம் உப்பும். ஆகவே அடிப்பலகைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி விட்டேன். அதுவே நீர் வடியும் வழி. அதன்மேல் விரித்த கம்பிவலை மண்ணைத் தாங்கும். வலையில் கோத்த கம்பியால் வேரடியைக் கட்டிவிட்டால், காற்றில் கன்று ஆடிப் புதுவேர் அறுபடாது. தரையின் ஈரம் ஏறாதிருக்க அடியில் இரு கட்டைகள்.

தாரோ கழிவு எண்ணெயோ பூசினால் பெட்டியின் ஆயுள் நீளும் என்பர். உண்மைதான், ஆனால், அவை வேருக்கு நஞ்சு. பூசாத பெட்டி சில ஆண்டுகளில் மக்கும். பொருளியலில் இதைத் தேய்மானம் என்போம். உற்பத்திக்கு நாம் மனமறிந்து கொடுக்கும் விலை அது. ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பி, 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகச் சென்ற பைன் போன்சாய் 1625 முதல் வளர்க்கப்படுகிறது. எத்தனை தொட்டிகளை அது கடந்திருக்கும்! பெட்டியைக் காக்க வேரைப் பலியிடுவது முதலீடாகாது.