போன வருஷம் போட்ட ஊசி போதாதா?

செகந்திராபாத்தில் லாலாகூடா, மெட்டுகூடா பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் பலருக்கு ஊரில் ஒரு கறவை மாடாவது உண்டு. இங்கிருந்து மாதாமாதம் போகும் பணத்தில் வாங்கிய மாடாக இருக்கும். அதன் பாலைச் சொசைட்டியில் ஊற்றித்தான் அங்கே பாதிச் செலவு நடக்கும். ஒரு நாள் ஊரிலிருந்து போன் வருகிறது. "மாடு இரை எடுக்கவில்லை. வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் ஒழுகுகிறது. காலை ஊன்ற முடியாமல் நொண்டுகிறது."

கேட்டவருக்கு விஷயம் புரிந்துவிடும். கோமாரி! தெலுங்கர்கள் காலிகுண்டு என்று சொல்லும் அதே வியாதி. "ஊசி போடவில்லையா?" என்று கேட்டால், "போன வருஷந்தானே போட்டோம்" என்று பதில் வரும்.

வினையே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்கு ஏன் போதாது என்பதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். ஹைதராபாத்திலேயே கிடைக்கும்.

தேசிய பால்வள வாரியம் 1982-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியன் இம்யூனலாஜிகல்ஸ் நிறுவனம் காச்சிபௌலியில் இருக்கிறது. கோமாரித் தடுப்பூசி தயாரிப்பதில் நாட்டின் முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று. ஊசி மருந்தின் பெயர் 'ரக்ஷா'. நிறுவனம் இருக்கும் இடத்துக்கே ரக்ஷாபுரம் என்று பெயர்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை

கோமாரியை உண்டாக்குவது ஒரு வைரஸ் கிருமி. 1898-இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ராஷ் என்ற இரு விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் உலகம் முதன்முதலில் அறிந்துகொண்டது இதைத்தான். வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் அடங்கிவிடும். அவ்வளவு சிறியது.

இதன் மேலே புரத ஓடு. உள்ளே ஆர்.என்.ஏ. என்ற ஓர் இழை. அந்த இழையில் சுமார் 8,400 எழுத்துக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மாட்டின் உடம்புக்குள் நுழைந்ததும் வைரஸ் இந்த எழுத்துக்களைப் பிரதி எடுத்துப் பெருகுகிறது.

ஆபீஸில் ஒரு காகிதத்தைப் பிரதி எடுத்தால், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருப்பார். வைரஸுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. பிழை விழுந்தால் விழுந்ததுதான். பல பிழைகளால் வைரஸே வீணாகிவிடும். ஆனால் சில பிழைகள் ஓட்டின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். பழைய ஊசியால் பழகிய உடம்பு புது உருவத்தைச் சரியாக அடையாளம் காணாமல் தடுமாறும்.

உலகில் இந்த வைரஸில் ஏழு வகை உண்டு. இந்தியாவில் நடமாடுபவை ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று. ஒரு வகைக்குப் பெற்ற பாதுகாப்பு இன்னொன்றுக்கு உதவாது. ஆகையால் ஊசியில் மூன்றுமே சேர்க்கப்படுகின்றன.

நோய் கண்ட மாடுகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் வைரஸின் எழுத்துக்களைப் படித்து, ஊசியில் உள்ள வைரஸோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இடைவிடாமல் நடக்கிறது. இதற்கென்றே புவனேஸ்வரில் தேசிய நிறுவனம் ஒன்று உள்ளது. ஹைதராபாத் கோபன்பள்ளியில், 2010-இல் மத்திய அரசு ஏற்படுத்திய தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கால்நடை நோய்களை மூலக்கூறு அளவில் ஆராய்கிறார்கள்.

ஊசி தயாராகும் விதம்

வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்துவரும் செல்களைப் பெரிய எஃகுக் கலன்களில் பெருக்குகிறார்கள். அதில் வைரஸை விட்டு வளர்த்து, பிறகு ரசாயனத்தால் செயலிழக்கச் செய்கிறார்கள். சுத்தம் செய்து, வீரியம் கூட்டும் துணைப் பொருளைச் சேர்த்தால் தடுப்பூசி தயார். அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கிராமத்துத் தொழுவம் வரை ஐஸ் பெட்டியிலேயே போக வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து வீண்.

செத்த வைரஸ் கொண்ட ஊசியானதால் அதன் பாதுகாப்பும் நீண்ட காலம் நிற்காது. சுமார் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி போடச் சொல்வது இதனால்தான்.

வெக்கை ஒழிந்த கதை

இதே நாட்டில் மாட்டு வெக்கை நோய் அடியோடு ஒழிந்தது. இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995-இல், தமிழ்நாட்டில். 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது வைரஸ் நோய் அதுதான். வெக்கையில் ஒரே வகைதான். ஒரு முறை ஊசி போட்டால் ஆயுசுக்கும் போதும். கோமாரியில் இந்த இரண்டு சௌகரியமும் இல்லை. போதாததற்கு, பிழைத்தெழுந்த சில மாடுகளின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியும் இருக்கும்.

கோமாரியில் பெரிய மாடு பெரும்பாலும் செத்துப்போகாது. கன்றுக்குட்டிதான் இதயம் தாக்குண்டு சாகும். ஆனால் பெரிய மாட்டின் பால் வற்றிவிடும். சில மாடுகள் குணமான பிறகும் வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும். கலப்பின மாடுகளுக்கு நோயின் கடுமை அதிகம். கடன் வாங்கி மாடு பிடித்தவருக்குத் தவணை நிற்காது, பால் மட்டும் நின்றுவிடும்.

ஊருக்குச் சொல்ல வேண்டியது

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுடன் ஒரு வில்லையும் மாட்டுகிறார்கள். கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. "ஊசி போட்டால் பால் குறைகிறது" என்று சிலர் மாட்டை ஒளித்துவிடுகிறார்கள். ஓரிரு நாள் கொஞ்சம் குறையலாம். நோய் வந்தால் போவது மாதக்கணக்கான பால்.

நோய் கண்ட மாட்டைத் தனியே கட்ட வேண்டும். கன்றை அதன் மடியில் விடக்கூடாது. நஷ்டத்தோடு நஷ்டமென்று சந்தைக்கு ஓட்டிப் போனால் நாலு ஊருக்கு நோய் பரவும். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவதே சரி.

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, பிள்ளைகளின் படிப்பையும் அம்மாவின் உடம்பையும் விசாரித்த பிறகு, மாட்டுக்குக் கடைசியாக எந்த மாதம் ஊசி போட்டார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.