பனியன் ஊருக்குக் காவிரி வந்தது! சாயத் தண்ணி எங்கே போனது?

திருப்பூர் என்றால் பனியன். பனியன் என்றால் சாயம். சாயம் போடத் தண்ணீர் வேண்டும். அதுவும் உப்பில்லாத நல்ல தண்ணீர். திருப்பூரில் இல்லாதது அதுதான்!

1980-களில் ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்தன. சாயப்பட்டறைகள் பெருகின. ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணி. எனவே சுற்றுவட்டாரக் கிராமங்களின் தோட்டத்துக் கிணறுகளில் இருந்து டேங்கர் லாரிகள் ராத்திரி பகலாக ஓடின. வெள்ளாமை செய்வதைவிடத் தண்ணியை விற்றால் லாபம் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. கிணறு வற்றினால் லாரி அடுத்த கிராமத்துக்குப் போகும். லாரி வராத நாளில் பட்டறையில் வேலை இல்லை. ஊருக்குள்ளோ குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நின்றன.

கூட்டுக் கம்பெனி

ஆற்றில் தண்ணீர் எடுக்க சர்க்கார் அனுமதி வேண்டும். குழாய் போடுவதற்கோ நகராட்சியிடம் பணம் இல்லை. பணம் கொடுத்துத் தண்ணீர் வாங்க முதலாளிகள் தயார். மூன்றையும் முடிச்சுப் போட்டு 1995-ல் பிறந்ததுதான் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம். மாநில அரசு, ஐ.எல். அண்டு எப்.எஸ். நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் ஆகியவை இதில் கைகோத்தன.

2000-ல் அரசும் நகராட்சியும் அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டன. 30 ஆண்டுகள் கம்பெனி நடத்தி, பிறகு ஒப்படைக்க வேண்டும். பவானி அருகே காவிரியில் இருந்து சுமார் 55 கிலோமீட்டர் குழாய். தினம் 18½ கோடி லிட்டர். செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

விலை போட்டதில்தான் சூட்சுமம். ஆயிரம் லிட்டருக்குப் பட்டறைக்கு 45 ரூபாய். ஊருக்கு 5 ரூபாய். வழியில் உள்ள கிராமங்களுக்கு 3 ரூபாய் 50 காசு. அதாவது, சாயப்பட்டறைக்காரர் கொடுக்கும் காசில்தான் ஏழை வீட்டுக் குடம் நிறைய வேண்டும். நல்ல ஏற்பாடுதான், பட்டறை ஓடும் வரை!

2005-06-ல் தண்ணீர் வந்தது. குடங்களுக்கு விமோசனம் கிடைத்தது.

நொய்யல் பட்ட பாடு

திட்டத்தில் ஊர்ச் சாக்கடைக்கு இடம் இருந்தது. சாயக் கழிவுக்கு இல்லை. அது பட்டறைக்காரர்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் கூட்டாக அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உப்பைப் பிரிக்கும் சக்தி இல்லை. கலங்கிய தண்ணீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டி ஆனது. கீழே கிணறுகள் கெட்டன, பயிர் கருகியது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்றது சென்னை ஐகோர்ட். கெடு தாண்டியும் நடக்கவில்லை. 2011 ஜனவரியில் உத்தரவு வந்தது: பட்டறைகளை மூடு! 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குப் பூட்டு. துணி சாயத்துக்காக வெளியூர் போனது. பிழைக்க வந்தவர்களில் பலர் மூட்டையைக் கட்டினார்கள். தண்ணி விற்ற கம்பெனியும் தள்ளாடியது. 45 ரூபாய் கொடுத்து வாங்க ஆள் இல்லையே!

மறுபடி அரசு கை கொடுக்க வேண்டியதாயிற்று. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். கழிவைக் கொதிக்க வைத்து உப்பைப் பிரிக்கும் எந்திரங்கள் வந்தன. கோர்ட் சொன்னபடி செய்த பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்படிச் சுத்தம் செய்யும் செலவு, காவிரித் தண்ணீரின் விலையைவிடப் பல மடங்கு.

சுத்தமான தண்ணீர் திரும்பப் பட்டறைக்கே போகிறது. அதனால் கம்பெனியிடம் புதிதாக வாங்கும் தண்ணீர் குறைந்தது. பிரித்த உப்பில் நல்லது மறுபடி சாயத்துக்கு ஆகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்போ, மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களின் ஷெட்டுகளில் ஏறியது.